மிஞ்சிய பொட்டலம்

காலி உறைகளை எண்ணித்தான் ஆலையில் இரவை முடிப்போம்.
நான்கு டன் கலவைக்கு
இரண்டு கிலோப் பொட்டலம் ஒன்று.
ஒன்பது கலவை ஓட்டிய ஜூன் மாத இரவில்
காலி உறை எட்டு.
ஒன்பதாவது, தராசுக்குப் பின்னால்,
தைத்த வாய் பிரியாமல்
குந்தியிருந்தது.

ஏட்டில் ஒன்பது என்று எழுதினேன்.
பொட்டலத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
பனி உறைந்த சாலையில் வீட்டுக்குப் போனேன்.

தீவனமில்லை அது. பசியாற்றாது.
சோயா தன் முளைக்கென்று
விதைக்குள் பாஸ்பரஸைப் பூட்டி வைக்கிறது.
மண்ணில் ஈரம் பட்டால் தானே திறந்துகொள்ளும்,
கோழியின் குடலில் திறக்காது.
கோழியிடம் அந்தச் சாவி இல்லை.
எங்கோ ஒரு தொட்டியில் பூஞ்சை வளர்த்து
அதனிடம் வாங்கிய சாவி
இந்தப் பழுப்புத் தூள்.
சோயாவின் பசைச் சர்க்கரையை அறுக்க
இன்னும் இரண்டு சாவிகள் அதே உறையில்.
இவற்றை நம்பித்தான் எங்கள் சூத்திரத்தில்
பாஸ்பேட்டைக் குறைத்திருக்கிறார்கள்.
சாவிக்கொத்தோ
என் சமையலறையில்,
மாத்தே இலை டப்பாவுக்குப் பக்கத்தில்.

ஒன்பதாவது கலவை எந்த லாரியில் ஏறியது என்று
யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
லாரிச் சீட்டிலும் என் கையெழுத்துதான்.
நொயேலி டால்போஸ்கோ.
சரிவின் கடைசிக் கொட்டகை.
ஆறாயிரம் குஞ்சு, வயது எட்டு நாள்.

பதினைந்து நாள் பொறுத்தேன்.
பொறுத்தேன் என்பது நல்ல சொல்.
பயந்தேன்.

ஞாயிறு காலை போனபோது
கொட்டகைக்குள் அவள் முட்கரண்டியால்
மரத்தூளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
வாசலிலேயே அமோனியா கண்ணைக் கடித்தது.
பூட்ஸ் வைத்த இடமெல்லாம்
அப்பம்போல் ஒட்டி எழுந்தது.
"குழாய் கசியுதுன்னு நினைச்சேன் அடேமிர்,
எல்லா முனையையும் மாத்திட்டேன்.
விசிறிதான்னு நினைச்சேன்.
ராத்திரி மூணு தடவை எழுந்து புரட்டறேன்.
எங்கிட்டதான் ஏதோ தப்பு."

ஒரு கோழியைத் தூக்கி
என் முகத்துக்கு நேரே காலைத் திருப்பினாள்.
பாதத்தின் நடுவில் காசளவு கறுப்புப் புண்.
கீழே விட்டாள்.
அது நிற்கவில்லை,
மடிந்து உட்கார்ந்து
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பொட்டலத்தை எடுத்து
தீவனத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன்.
சொன்னேன்.
எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை.
கடைசியில் அவள் கேட்ட ஒரே கேள்விதான் நினைவு:
"ஒரு கோழிக்கு இதுல எவ்வளவு?"

கணக்குப் போட்டேன்.
"மூணுல ஒரு கிராம்."

நூலைப் பிரித்தாள்.
சுண்டுவிரல் நகத்தில் கொஞ்சம் அள்ளி
வெளிச்சத்துக்குப் போய்
வெகுநேரம் பார்த்தாள்.
சரிவுக்குக் கீழே, சோயா அறுத்த நிலத்தில்
ஓட்ஸ் ஒரு விரல் முளைத்திருந்தது.
நகத்தை ஊதினாள்.
தூள் எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை.

"போன வாரம் கம்பெனி மேற்பார்வையாளன் வந்தான்.
'பராமரிப்புக் குறைவு'ன்னு எழுதிட்டுப் போனான்.
நானும் கையெழுத்துப் போட்டேன்."

திட்டுவாள் என்று நின்றேன்.
சமையலறையிலிருந்து
மகனின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
"எழுது. தேதி போடு. எத்தனையாவது கலவைன்னு போடு."

பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எதிர்ப்பக்கத்தில்
எழுதினேன்.
விரல் விறைத்துப்போய்
'ஒன்பது' மட்டும் இரண்டு முறை வந்துவிட்டது.
ஒன்றை அடிக்கப் போனேன்.
"விடு," என்றாள், "ரெண்டும் இருக்கட்டும்."

வியாழக்கிழமை கம்பெனிக்குப் போகும் லாரியில்
அந்தத் தாளும் போகிறது.
அதுவரை எனக்கு இரவுப் பணிதான்.
உறையைக் கிழித்துக் கவிழ்க்கிறேன்,
தட்டுகிறேன்,
உள்ளே கைவிட்டு மூலைகளைத் தடவுகிறேன்.
கலக்கும் இயந்திரம் காத்திருந்து உறுமுகிறது.